39-க்கு 39: சாய்ந்தது தொகுதியா, வாக்காளரா?

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க 2026 ஜனவரி 18 கடைசி நாள் என முதலில் அறிவிக்கப்பட்டது. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில், மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் சுமார் 7 லட்சம். படிவங்களைப் பற்றிய கடிதங்களுக்கு நடுவே, சேலையூர், பெருங்களத்தூர் பக்கத்து வாசகர்களிடமிருந்து வேறொரு கேள்வியும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது: ‘தமிழ்நாடு சாய்ந்தால் மொத்தமாக ஒரே பக்கம் சாயும். போன நாடாளுமன்றத் தேர்தலில் 39-க்கு 39. என் ஓட்டு இங்கே இருந்தால் என்ன, ஊரில் இருந்தால் என்ன, இல்லாமலே போனால்தான் என்ன?’

மொத்தமாகச் சாய்ந்தவை தொகுதிகள். வாக்குகள் அப்படிச் சாயவில்லை.

2024-இல் திமுக அணி வாங்கியது சுமார் 47 விழுக்காடு. அதிமுக அணிக்குச் சுமார் 23, பாஜக அணிக்குச் சுமார் 18, நாம் தமிழர் கட்சிக்கு 8. அதாவது பதிவான வாக்குகளில் பாதிக்கும் மேல் ஒரு எம்.பி.யைக்கூட டெல்லிக்கு அனுப்பவில்லை. இதே கணக்கு 2014-இல் திமுகவைத் தாக்கியது. கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் அக்கட்சிக்கு வாக்களித்தும் இடம் பூஜ்யம். 44 விழுக்காட்டை ஒட்டி வாங்கிய அதிமுக 37 தொகுதிகளை அள்ளியது. இத்தகைய வெற்றியை ‘மக்களின் ஒருமித்த தீர்ப்பு’ என்பது வழக்கம். எந்தக் கட்சி சொன்னாலும், பாதிப்பேர்கூட ஒத்துக்கொள்ளாத ஒன்றை ஒருமித்தது என்று எழுத என்னால் முடியாது.

இது எப்படி நடக்கிறது என்பதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் பெரிய அணிகளின் வாக்கு ஒரு மூலையில் குவிந்து கிடப்பதில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து குமரி வரை ஓரளவு சமமாகப் பரவியிருக்கிறது. எதிர்த்தரப்பு இரண்டாக, மூன்றாகப் பிரிந்து நின்றால், 45 விழுக்காடு வைத்திருக்கும் அணி ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் முதலிடத்துக்கு வந்துவிடும். இரண்டாமிடத்துக்கு இங்கே பரிசு கிடையாது. நாம் தமிழர் கட்சி 8 விழுக்காடு வாங்கி ஒன்றும் பெறவில்லை. அதில் கால்பங்கை ஒட்டிய வாக்கு வாங்கிய விசிக, கூட்டணியில் நின்ற இரண்டு இடங்களையும் வென்றது. தர்மபுரியில் பாமக தோற்றது 21,300 வாக்கில். அங்கே வேறு அணியில் நின்ற அதிமுக வேட்பாளர் பெற்றதோ இரண்டு லட்சத்துக்கும் மேல். 2021-இல் இவ்விரு கட்சிகளும் ஒரே அணியில் இருந்தவை.

ஆகவே இங்கே தேர்தல் முடிவின் பெரும்பகுதி, ஓட்டுப்போடும் நாளுக்கு முன்பே, தொகுதிப் பங்கீட்டு மேசையில் எழுதப்பட்டுவிடுகிறது. இது புதிதும் அல்ல. 1967 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்கு விழுக்காடு திமுகவைவிட ஒரு துளி அதிகம். இடங்கள்? திமுகவுக்கு 137, காங்கிரசுக்கு 51. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்ட்டுகள் வரை அண்ணா ஒரே அணியில் கட்டிய தேர்தல் அது.  தமிழ்நாட்டுக்கு வழங்கும் திராவிடக் கோட்டை எனும் பெயரின் அஸ்திவாரத்தில் கொள்கைக்குப் பக்கத்திலேயே கூட்டணிக் கணக்கும் இருக்கிறது. கொள்கையைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்தக் கணக்கை யாரும் மேடையில் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. கட்சிகளின் தனி வாக்கு விழுக்காட்டைப் பார்த்து மாநிலத்தின் மனத்தை அளக்காதீர்கள். 2024-இல் திமுகவின் தனி வாக்கு சுமார் 27 விழுக்காடுதான். மீதித் தொகுதிகளைக் கூட்டணிக்கு விட்டதால் வந்த குறைவு அது. ‘திராவிடக் கட்சிகள் தேய்கின்றன’ என்று இந்த எண்ணை வைத்துப் பேசுவோரும் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள்.

இனி நம் பகுதி. 2011 சட்டமன்றத் தேர்தலில் தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர், வேளச்சேரி நான்கும் அதிமுகவுக்கு. ஆலந்தூரும் அதன் கூட்டணியான தேமுதிகவுக்கு. 2016-இல் மாநிலம் ஜெயலலிதாவை மீண்டும் அமர்த்தியபோது, இதே ஐந்து தொகுதிகளும் திமுக பக்கம் போயின. முந்தைய டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைத்தான் இங்குள்ளவர்கள் காரணமாகச் சொல்வார்கள். அது மட்டுமே காரணமென்று நிறுவ வழியில்லை. ஆனால் மாநிலம் ஒருபக்கம் போக, புறநகர் மறுபக்கம் போனது என்பது பதிவான உண்மை. ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியும் 2014-இல் அதிமுகவிடம் இருந்தது, 2024-இல் டி.ஆர்.பாலு நாலே முக்கால் லட்சத்துக்கும் அதிக வித்தியாசத்தில் வென்றார். அங்கே எதிரணிகள் ஒன்றுசேர்ந்திருந்தாலும் அவரே ஜெயித்திருப்பார். எல்லா வெற்றியையும் பிளவின் கணக்கில் எழுதிவிட முடியாது.

பத்தாண்டில் இப்படிப் புரளும் ஒரு பகுதியை யாருடைய கோட்டை என்பது?

ஓட்டின் எடையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. 2025 ஜனவரிப் பட்டியலில் சோழிங்கநல்லூருக்குக் கிட்டத்தட்ட 6.9 லட்சம் வாக்காளர்கள், நாகை மாவட்டம் கீழ்வேளூருக்கு 1.76 லட்சம். இரண்டுக்கும் ஒவ்வொரு எம்.எல்.ஏ.தான்.

தொடக்கத்தில் சொன்ன நீக்கத்துக்கு வருவோம். நீக்கப்பட்ட 97 லட்சத்தில் 66 லட்சத்துக்கும் மேல் ‘இடம்பெயர்ந்தோர், முகவரியில் இல்லாதோர்’ என்ற தலைப்பில் இருக்கிறார்கள். தேர்தல் ஆணையம் இதைச் சுத்திகரிப்பு என்கிறது. வருடத்துக்கு வருடம் வாடகை வீடு மாறும் தாம்பரத்தில், அடுத்த தெருவுக்குக் குடிபோனவரும் கணக்கெடுப்புப் படிவம் தராமல் விட்டிருந்தால் இந்தத் தலைப்புக்குள் வந்திருக்க முடியும். நீக்கம் எவ்வளவு என்பது வெளியாகிவிட்டது. அவர்களில் எத்தனை பேர் திரும்பச் சேர்ந்தார்கள் என்பதையும் வைத்தே ‘சுத்திகரிப்பு’ என்ற சொல்லை ஏற்க வேண்டும்.

மற்ற கேள்விகள்:

பெயர் நீக்கப்பட்டிருந்தால்? படிவம் 6.

பெயர் ஊரில் இருக்கிறது, இங்கே மாற்ற வேண்டும்? படிவம் 8.

இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளலாமா? கூடாது, பொய் உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

சொந்த வீடு இல்லையே? தேவையில்லை, வழக்கமாக வசிக்கும் இடம்தான் கணக்கு.

நோட்டா முதலிடம் வந்தால்? அடுத்து அதிக வாக்கு பெற்ற வேட்பாளரே வென்றவர்.

ஊரா, தாம்பரமா என்று கேட்டவர்களுக்கு: எந்தத் தெருவின் மழைநீர் வடிகாலும் எந்த ஏரிக்கரையும் உங்கள் அன்றாடமோ, அந்தத் தொகுதியில் பெயரைச் சேருங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ ஆணையத்தின் இணையதளத்திலோ படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.