வலையைக் கொண்டு சிலந்தியை இனங்காணல்

சிலந்தியின் உடலைக் காணாமலே, அது பின்னிய வலையைக் கொண்டு அதனை இனங்காண முடியுமா? இவ்வினாவுக்கு ஓரளவு முடியும் என்றே விடை கூறலாம். அவ்வளவு எத்துணை என்பதையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

வீட்டு மூலைகளில் ஒழுங்கற்றுத் தொங்கும் மெல்லிய வலை பெரும்பாலும் நெடுங்கால்களையுடைய போல்சிடே குடும்பத்தினது. தீண்டினால், அச்சிலந்தி வலையுடன் சேர்ந்து விரைவாக அதிரும். செடிகளிடையே அமைந்த வட்டவலையின் நடுவில் பெருக்கற்குறி போன்ற வெண்பட்டுப் பின்னல் காணப்படின், அது ஆர்ஜியோப் சாதியினது எனக் கொள்ளலாம். எனினும் அப்பின்னல் எப்பொழுதும் இருப்பதில்லை. வெயிலில் பொன்னிறமாக ஒளிரும் பெருவலை, அதன் மையம் மேல்விளிம்பை அண்டியிருப்பின், நெபிலா சாதியைச் சுட்டும்.

ஆயின், வடிவம் எம்மை ஏமாற்றுவதும் உண்டு. காலைப் பனி படிந்த புற்றரையில் விரிந்து, ஒரு பக்கம் புனல்போலக் குவியும் வலையைக் காண்போர், அதனைப் புனல்வலைக்குப் பெயர்பெற்ற அகெலெனிடே குடும்பத்தினதென எண்ணக்கூடும். எமது நாட்டிலோ அத்தகைய வலையைப் புல்லில் அமைக்கும் ஹிப்பாசா என்னும் சாதி ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் பெரும்பாலானவை வலையே பின்னாது ஓடி வேட்டையாடுபவை.

வட்டவலையின் நிலையும் இத்தகையதே. அரேனிடே குடும்பத்தின் வட்டவலையில் இரையைப் பற்றுவன பசைத்துளிகள். உலோபோரிடே குடும்பத்தின் வட்டவலையில் பசை இல்லை. சீவிய பஞ்சு போன்ற நுண்ணிழைகளே இரையைப் பற்றுகின்றன. 2014இல் வெளியான விரிவான பரம்பரையலகு ஆய்வுகள், இவ்விரு குடும்பங்களும் முன்னர் கருதப்பட்ட அளவுக்கு நெருங்கிய உறவுடையன அல்ல என்று காட்டின. வட்டவலை மிகப் பழைய பொது மூதாதையிடம் தோன்றியதா, அன்றித் தனித்தனியே தோன்றியதா என்ற விவாதம் இதனால் வலுப்பெற்றது.

எனவே, வலை பெரும்பாலும் குடும்பத்தையோ சாதியையோ மாத்திரமே சுட்டும். இனத்தைத் துணிவதற்கு, முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்புகளை நுணுக்குக்காட்டியினூடாக நோக்குதல் வேண்டும்.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் கார்ல் மார்க்ஸ், மனித உழைப்பை இயல்பூக்கச் செயலினின்றும் வேறுபடுத்தவே சிலந்தியை எடுத்துக்காட்டினார். சிலந்தி திட்டமிட்டு நெய்வதில்லை. அதன் வலை நெடுங்காலக் கூர்ப்பின் விளைவு. ஆதலின் அதன் வடிவத்தை மட்டும் கண்டு அமைதல் போதாது. அது எப்பொருளால், எம்முறையில், எச்சூழலில் ஆக்கப்பட்டது என்பதையும் சேர்த்து நோக்கும்போதே வலை எமக்கு நம்பத்தக்க சான்றாகின்றது.