எங்கள் மகன் காஸ் மெக்கானிக் ஆகலாமா?

டாலிகஞ்சில் வசிக்கும் ஒரு தாயார் எங்களிடம் கேட்ட கேள்வியையே இக்கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறோம். அவருடைய மகன் பத்தாம் வகுப்பு தேறியவன். மேற்படிப்பில் மனம் செல்லவில்லை. அதே சந்தில் காஸ் அடுப்பு பழுதுபார்க்கும் மிஸ்திரி ஒருவர் இருக்கிறார். "ஆறு மாதம் என்னோடு நடந்தால் போதும், தொழில் தானாக வந்துவிடும்" என்பது அவருடைய வாக்கு. தகப்பனாரோ, "முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்காதவன் கையில் ஸ்பானரைக் கொடுக்கமாட்டேன்" என்கிறார். வீட்டில் இதனால் இரண்டு வாரமாகச் சமாதானம் இல்லை. எது சரி?

ஊரை விட்டு வந்து, நான்கு சுவருக்குள் சமையலும் படுக்கையும் ஒன்றாக வைத்து வாழும் நம்மவர் குடும்பங்களில் இந்தக் கேள்வி ஒரு பிள்ளையின் பிழைப்பைப் பற்றியது மாத்திரம் அன்று. அந்தப் பிள்ளை நாளை எந்த வீட்டு அடுப்படியில் கை வைக்கிறானோ, அந்த வீட்டார் அன்று இரவு கதவுகளைச் சாத்திவிட்டு நிம்மதியாக உறங்குவார்கள். அவன் இறுக்கிய நட்டு சரியாக இருக்கிறது என்று நம்பியே உறங்குவார்கள்.

ஒரு நட்டு என்ன செய்துவிடும் என்று எண்ணவேண்டாம். 1968ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி, லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தில், 18ஆம் மாடியில் குடியிருந்த ஒரு பெண்மணி அதிகாலையில் தேநீர் வைக்கத் தீக்குச்சியைக் கிழித்தார். இரவெல்லாம் கசிந்திருந்த வாயு வெடித்தது. வெளிச்சுவர் பெயர்ந்து, அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நால்வர் மாண்டனர். தீக்குச்சியைக் கிழித்த பெண்மணி உயிர் தப்பினார். விசாரணையில் வெளிப்பட்ட காரணம், அடுப்பை வாயுக் குழாயோடு இணைத்த தரம் குறைந்த ஒரு பித்தளை நட்டு. கட்டடம் பலவீனமாகக் கட்டப்பட்டிருந்தது என்பதும் உண்மையே. ஆயினும் தொடக்கம் அந்த நட்டிலிருந்துதான்.

அதற்குப்பின் அந்நாட்டில் காஸ் வேலை செய்வோரைப் பதிவு செய்யும் ஏற்பாடு பிறந்தது. இன்று அங்கே வீடுகளில் கூலிக்கு எரிவாயு வேலை செய்பவர் யாராயினும், 2009 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 'காஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் பெற்றிருக்கவேண்டும். பதிவின்றிச் செய்வது குற்றம். அவர்களை 'காஸ் என்ஜினீயர்' என்றே அழைக்கிறார்கள். வகுப்பறையில் படித்தபின், தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் வீடு வீடாகச் சென்று வேலை செய்து, செய்த ஒவ்வொரு வேலைக்கும் சான்று சேர்த்து, அதன்பின் தேர்வு எழுதவேண்டும். அத்துடன் முடிவதில்லை, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் தேர்வு. கையிலுள்ள அட்டையின் பின்புறத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதியுள்ளவர் என்று அச்சிடப்பட்டிருக்கும். அடுப்புக்குத் தகுதி பெற்றவர் கொதிகலனைத் தொடக்கூடாது. (லண்டனில் உறவினர் உள்ள வாசகர்கள் சிலர், இங்குப் பயின்று அங்குச் செல்லலாமா என்று கேட்பதுண்டு. இந்தியச் சான்றிதழ் அந்த அட்டைக்கு ஈடாகாது; அங்கே முறைப்படி மதிப்பீட்டுக்கு உட்படவேண்டும். 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று பணம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் ஜாக்கிரதை.)

நம் நாட்டில் அப்படிப்பட்ட ஒரே பதிவேடு இல்லை. சிலிண்டர் விநியோகஸ்தரிடம் வேலை செய்யும் மெக்கானிக்குக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் உண்டு. தெருவில் கருவிப்பையுடன் வருபவருக்கோ பெயர் மாத்திரமே உண்டு. அவர்களில் நல்ல கைத்திறன் உள்ளவர் அநேகர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்தது எல்லாம் கருத்துக்கும் தெரிந்திருக்கிறதா என்பதே கேள்வி.

சில காரியங்களைக் கவனியுங்கள். வீட்டுச் சிலிண்டரில் உள்ள 14.2 கிலோ எரிபொருள், புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாகப் பரவும். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து, கட்டிலுக்கு அடியிலும் சாக்கடைத் துவாரத்திலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. வாயுவுக்கு இயல்பில் வாடை இல்லை. நாம் முகரும் நாற்றம், கசிவை அறியும்பொருட்டு வேண்டுமென்றே சேர்க்கப்படும் மெர்காப்டன் என்னும் பொருளுடையது. சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம் மிகுதி. ரெகுலேட்டர் அதைக் குறைத்து, ஏறக்குறைய 30 மில்லிபார் அளவாக அடுப்புக்கு அனுப்புகிறது. அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்கவேண்டும் என்று சொல்வதும் இந்தக் கனத்தின் காரணமாகத்தான்.

இவற்றை அறியாமலும் ஒருவன் வாஷர் மாற்றலாம், பர்னர் சுத்தம் செய்யலாம். இத்தனை ஆண்டுகள் மிஸ்திரிகள் அப்படித்தான் பிழைத்தார்கள். ஆனால் இப்பொழுது கொல்கத்தாவில் காலம் மாறிக்கொண்டிருக்கிறது.

இந்த நகரத்துக்கும் எரிவாயுவுக்கும் உள்ள உறவு நெடியது. நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த வாயுவினால் 1857ஆம் ஆண்டிலேயே கல்கத்தா வீதிகளில் விளக்கு எரிந்தது. அதை நடத்திய ஓரியண்டல் காஸ் கம்பெனியை மாநில அரசு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் தன்வசம் எடுக்க வழிசெய்தது. 1987இல் அப்பொறுப்பு கிரேட்டர் கல்கத்தா காஸ் சப்ளை கார்ப்பரேஷனுக்கு வந்தது. இண்டேன் நிறுவனத்தின் முதல் சிலிண்டர் இணைப்பு, 1965 அக்டோபர் 22ஆம் தேதி இதே நகரத்தில்தான் வழங்கப்பட்டது. விறகுக்கும் கரியடுப்புக்கும் பழகிய வீடுகளில் சிலிண்டர் புகுந்த அந்தக் காலத்தைப் போன்றதே இந்தக் காலமும். 2019இல் கெயில் நிறுவனமும் மேற்சொன்ன கார்ப்பரேஷனும் சேர்ந்து பெங்கால் காஸ் கம்பெனியை அமைத்தன. வடநாட்டிலிருந்து வரும் பெருங்குழாயில் தோபி முதல் துர்காபூர் வரையிலான 348 கிலோமீட்டர் பகுதி 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சிலிண்டருக்குப் பதிலாகக் குழாயில் இயற்கை எரிவாயுவைக் கொடுக்கும் திட்டத்தின் வழி இது.

சந்து மிஸ்திரியின் அனுபவம் இங்கேதான் தடுமாறுகிறது. குழாய் வாயு பெரும்பாலும் மீத்தேன். அது காற்றைவிட இலேசானது. தரையில் தேங்காமல் கூரையை நோக்கி எழும்பும். அதன் அழுத்தம் ஏறக்குறைய 21 மில்லிபார். ஒரே அளவு வாயுவிலிருந்து கிடைக்கும் வெப்பமும் சிலிண்டர் வாயுவில் பாதிக்கும் குறைவே. ஆகையால் பழைய அடுப்பை அப்படியே குழாயில் மாட்டினால் சுடர் சுருங்கிக் கிடக்கும். ஜெட் துவாரம் பெரிதாக்கப்படவேண்டும். மாறாக, பெரிதாக்கிய அடுப்பை ஊருக்கு எடுத்துச் சென்று சிலிண்டரில் மாட்டினால் என்ன ஆகும்? தேவைக்கு மிஞ்சிய வாயு, குறைந்த காற்று, மஞ்சள் சுடர், பாத்திரத்தில் கரி. அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் காஸ் கீசரைப் பொருத்தியதால் நேரிட்ட மரணங்கள் குளிர்காலந்தோறும் செய்தித்தாளில் வருவதை நாம் வாசிக்கிறோமே, அவற்றுக்கும் காரணம் இதுவே. குளித்துக்கொண்டிருப்பவருக்கு முதலில் மயக்கம் வரும். கதவைத் திறக்கவேண்டும் என்னும் எண்ணம் வருவதற்குள் கைகால் ஓய்ந்துவிடும்.

இலங்கையில் 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் வீடுகளில் அடுத்தடுத்து எரிவாயு விபத்துகள் நேரிட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். சிலிண்டரில் புரோப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதே முக்கியக் காரணம் என்று ஆராய்ந்த குழு தெரிவித்தது. அடுப்பு அதே அடுப்பு, குழாய் அதே குழாய். உள்ளே வந்த வாயு வேறு. 'என்ன வாயு, என்ன அழுத்தம்' என்ற கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனே இந்தத் தொழிலுக்கு ஏற்றவன்.

இனி, எங்கே கற்பது? டாலிகஞ்சிலேயே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு; சற்று தூரத்தில் கரியாஹாட்டிலும் உண்டு. நம் மாணவர்கள் ஐ.டி.ஐ. என்றால் எலெக்ட்ரீஷியன் என்றே நினைக்கிறார்கள். காஸ் தொழிலுக்கு அடிப்படையாக அமைவன இரண்டு பிரிவுகள்: ஓராண்டுக் கால பிளம்பர், ஈராண்டுக் கால ஃபிட்டர். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். எந்த நிலையத்தில் எந்தப் பிரிவு இவ்வாண்டு நடக்கிறது என்பதை நேரில் விசாரித்து அறிவதே நலம். குழாயை அளந்து வெட்டுவது, திரெட் போடுவது, இணைப்பைக் கசிவின்றி முடிப்பது ஆகியவை அங்கே மாதக்கணக்கில் கைக்கு வரும். தேறியவர்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எண்ணெய், எரிவாயு நிறுவனங்களில் அப்ரண்டிஸாகச் சேர முயலலாம். அங்கே மாத உதவித்தொகையும் உண்டு.

குறுகிய வழியும் இருக்கிறது. ஹைட்ரோகார்பன் துறைக்கான திறன் மேம்பாட்டுக் கவுன்சில், நகர எரிவாயு பைப் ஃபிட்டர் வேலைக்குரிய தகுதித் தரத்தை வகுத்திருக்கிறது. அதன் பெயரில் பயிற்சி நடத்தும் நிலையங்கள் சில மாதங்களில் சான்றிதழ் வழங்குகின்றன. ஏற்கெனவே தொழில் செய்பவர்களுக்கு, அவர்களுடைய அனுபவத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் முறையும் உண்டு. அந்தச் சந்து மிஸ்திரியே கூடச் சான்றிதழ் பெறலாம்! பணம் கட்டுமுன் மூன்று காரியங்களைப் பெற்றோர் கேட்கவேண்டும்: சான்றிதழை இறுதியில் வழங்குவது யார்? பட்டறையில் உண்மையான மீட்டரும் ரெகுலேட்டரும் உள்ளனவா, படம் மாத்திரமா? முந்தைய அணியில் பயின்றவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? மூன்றாம் கேள்விக்குத் தடுமாறும் நிலையத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல பட்டறையில் முதலில் கற்பிப்பது அடுப்பு மூட்ட அன்று, கசிவைச் சோதிக்க. ஆங்கில 'யு' எழுத்தைப் போல வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வாயுக் குழாயோடு இணைப்பார்கள். ஒரு மில்லிபார் அழுத்தத்துக்கு இரு புறத்துத் தண்ணீர் மட்டங்களும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வேறுபடும். பிறகு வால்வை மூடிவிட்டுக் காத்திருக்கவேண்டும். தண்ணீர் மட்டம் அசையாமல் நின்றால் குழாய் நன்று. மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. அப்பொழுது ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழியைத் தேடவேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்றும் சிலரிடம் இருக்கிறது; அப்படிச் செய்பவரை உடனே வீட்டைவிட்டு அனுப்புங்கள். காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் வாலிபனுக்கு மிகவும் நீளமானவை. அடுத்த வீட்டார் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். காத்திருக்கப் பழகுவதே இந்தத் தொழிலில் கடினமான பாடம் என்று நினைக்கிறோம்.

ஆகவே அந்தத் தாயாருக்கு நாங்கள் சொன்ன பதில் இது: தகப்பனார் சொல்வது முதலில், மிஸ்திரி சொல்வது பின்பு. முதலில் நிலையத்தில் படிக்கட்டும். விடுமுறை நாட்களில் மிஸ்திரியோடு நடக்கட்டும். ஏனெனில் எழுபது வருஷத்துச் சமையலறையில் துருப்பிடித்த யூனியனை உடைக்காமல் கழற்றும் வித்தையை எந்தப் பட்டறையும் முழுவதுமாகக் கற்பிப்பதில்லை. மகள்களும் இதைக் கற்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். பகல் வேளையில் பெண்கள் தனித்திருக்கும் வீடுகளில் ஒரு பெண் மெக்கானிக்கை மனமாரக் கதவு திறந்து வரவேற்பார்கள்.

(இதை எழுதும்போது எங்கள் வீட்டு அடுப்பின் ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய அது, தவணை கடந்து ஓராண்டு ஆகியிருந்தது! வாசகர்களும் இன்று மாலையே பாருங்கள். கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, மின் ஸ்விட்சைத் தொடாமல், வெளியே வந்தபின் 1906 என்னும் எண்ணை அழையுங்கள்.)

மகன் சேர்ந்துவிட்டான் என்று தாயாரிடமிருந்து சென்ற மாதம் செய்தி வந்தது. பாடம் வங்காளத்திலும் இந்தியிலும் நடப்பதால் ஆரம்பத்தில் திணறுகிறானாம். ஆனாலும் வாடிக்கையாளர் வீட்டில் சொல்லவேண்டிய வாக்கியங்களை ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறான். முதல் பக்கத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றனவாம். "ஜான்லா குலே தின்": சன்னலைத் திறந்துவிடுங்கள். "ஆகுன் ஜாலாபேன் நா": நெருப்பு மூட்டாதீர்கள்.