அசையாமல் நிற்பதற்கான தெம்பு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு நின்று சுட்டு வெள்ளிப் பதக்கம் வாங்கிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஐம்பது தாண்டியவர், அலட்டிக்கொள்ளாத மனிதர் என்று ஆளாளுக்கு மீம் போட்டார்கள். அந்தக் கை பைக்குள் போனதற்கும் அலட்சியத்துக்கும் சம்பந்தமில்லை. பிஸ்டல் சுடுபவர்கள் பலரும் சும்மா இருக்கும் கையைப் பையிலோ இடுப்பு பெல்ட்டிலோ சொருகிக்கொள்வது வழக்கம்தான். தொங்கவிட்டால் அது லேசாக ஆடும், கூடவே தோளும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்க உடம்பு ஓயாமல் வேலை செய்ய வேண்டும். அந்த வேலையை மிச்சம் பிடிக்கத்தான் பை.

ஓடுகிறவருக்கு மூச்சு வாங்குகிறது, தூக்குகிறவருக்கு முகம் சிவக்கிறது. தெம்பு செலவாவது நம் கண்ணுக்கே தெரிகிறது. குறி பார்த்துச் சுடுவதில் அப்படி எதுவும் தெரியாது. அதனால் இதற்குப் போய் என்ன உடற்பயிற்சி என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கான பதில் போட்டியின் கணக்கிலேயே இருக்கிறது.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியின் தகுதிச் சுற்றில் முதலில் 15 நிமிடம் தயாராவதற்கும் சுட்டுப் பார்ப்பதற்கும். பிறகு 75 நிமிடத்துக்குள் 60 குண்டு. இலக்கின் நடுவில் இருக்கும் 'பத்து', அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி. அதோடும் விடுவதில்லை, பத்தையும் பிரித்து 10.9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். குண்டு கால் மில்லிமீட்டர் தள்ளிப் போனால் 0.1 போய்விடும். துப்பாக்கியின் முனை தோளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அந்த முனை 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு வெள்ளைத் தாளின் தடிமன் அளவு விலகினால், 10 மீட்டர் தொலைவில் அது ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். 0.4 புள்ளி காலி.

ரைஃபிளின் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். ஐந்து கிலோ என்று வைத்தாலும் 60 குண்டுக்கு 300 கிலோவைத் தூக்கி நிறுத்தியாக வேண்டும். முன்னால் சுட்டுப் பார்த்தவை, தூக்கிவிட்டுச் சுடாமல் இறக்கியவை எல்லாம் இந்தக் கணக்கில் வராது. மேலே கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான ஜாக்கெட், கீழே அதே மாதிரி கால்சட்டை.

புதிதாக வருபவர் இந்த எடையைக் கைத்தசையால் பிடிப்பார். சீக்கிரமே கை நடுங்கத் தொடங்கிவிடும். தேர்ந்தவர் எலும்பில் ஏற்றுவார். வலது கைக்காரர் என்றால் இடது முழங்கையை விலாவை ஒட்டி இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, முதுகைச் சற்றுப் பின்னால் சாய்த்து, துப்பாக்கியின் பாரம் கை, இடுப்பு, கால் வழியே நேராகத் தரைக்கு இறங்கும்படி நிற்பார். எலும்பு களைப்பதில்லை. ஆனால் முதுகும் கெண்டைக்காலும் விடுதலை பெறுவதில்லை. நடக்கும்போது தசை சுருங்கி விரிந்து ரத்தத்தைத் தானே தள்ளிக்கொள்ளும். இறுகியபடியே இருக்கும் தசையோ தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. வரும் ரத்தம் குறைகிறது, கழிவு தேங்குகிறது. ரேஷன் கடை வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற கால் மூன்று கிலோமீட்டர் நடந்த காலைவிட அதிகமாக வலிப்பது இதனால்தான்.

களைப்பு இங்கே மூச்சிரைப்பாக வராது, நடுக்கமாக வரும். எல்லோருடைய கையும் நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை மிக நுண்ணியதாக நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சாதாரண வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பசி, பயம், குளிர், சோர்வு, பழக்கமில்லாத காபி ஆகிய ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் பெரிதாக்கும்.

இதயத் துடிப்பும் சும்மா விடாது. ஒவ்வொரு துடிப்பும் துப்பாக்கியை ஒரு நூலிழை அசைக்கும். அதனால்தான் மற்றவர்கள் வேகத்துக்கு ஊக்கமருந்து தேடும்போது, இங்கே தவறு செய்கிறவர்கள் நிதானத்துக்கு மருந்து தேடுகிறார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளுக்குத் துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் போட்டி இல்லாத நாட்களிலும் தடை உண்டு. 2008 பெய்ஜிங்கில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்ற வடகொரியாவின் கிம் ஜாங் சு, புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரில் சிக்கியதால் இரண்டையும் இழந்தார். அதற்கும் முன்னால், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நவீன பென்டத்லான் வீரர் ஹான்ஸ் குன்னர் லில்யன்வால், பிஸ்டல் சுற்றுக்கு முன் நடுக்கத்தைத் தணிக்க இரண்டு பீர் குடித்ததாகச் சொன்னார். ஒலிம்பிக் வரலாற்றில் ஊக்கமருந்து விதியால் தகுதி நீக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். ஸ்வீடன் அணியின் வெண்கலமும் அவரோடு போயிற்று.

நேர்வழி என்பது சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறது. ஓட்டக்காரரைப் போல இங்கே கலோரி கொட்டிச் செலவாவதில்லை. தேவை ரத்தச் சர்க்கரை ஏறாமல் இறங்காமல் இருப்பது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை இறங்கினால் முதலில் கவனம் சிதறும், பிறகு விரல் நடுங்கும். ஆகவே போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே எளிதில் செரிக்கும் உணவு. நம்மூர் இட்லியும் வாழைப்பழமும் இதற்கு ஆகிவரும். பூரி, வடை என்று இறங்கினால் தூக்கம் வரும். குளிர்பானத்தை மட்டும் குடித்தால் கொஞ்ச நேரம் தூக்கிவிட்டு, நடுப்போட்டியில் கைவிட்டுவிடலாம். ஜாக்கெட்டுக்குள் வியர்ப்பதால் தண்ணீரும் வேண்டும், ஆனால் மடமடவென்று அல்ல: கழிப்பறைக்குப் போய் வந்தால் அந்த நேரமும் 75 நிமிடத்தில்தான் கழியும். காபி விஷயத்தில் பொது விதி கிடையாது. தினமும் குடிப்பவர் அன்றைக்கு நிறுத்தினால் தலைவலி, குடிக்காதவர் அன்றைக்குக் குடித்தால் நடுக்கம்.

இதையெல்லாம்விடக் கடினமான சிக்கனம் ஒன்று உண்டு. மூச்சை விட்டபின் வரும் இயல்பான இடைவெளியில், சில நொடிகளுக்குள் குண்டு போய்விட வேண்டும். பத்து நொடியைத் தாண்டியும் குறி பார்த்துக்கொண்டே இருந்தால் கண் மங்கும், தசை தளரும், 'இப்போதாவது சுடு' என்று மனம் நச்சரிக்கும். அப்போது செய்ய வேண்டியது துப்பாக்கியை இறக்குவது. தூக்கியது வீண் என்று புதியவருக்கு மனம் வராது, சுட்டுத் தொலைப்பார். என் கண்ணில் இந்த விளையாட்டின் உண்மையான உடல் தெம்பு இதுதான்: ஐம்பதாவது குண்டிலும் ஒருமுறை இறக்கிவிட்டு மறுபடி தூக்க மீதம் வைத்திருப்பது. பத்துப் பத்துக் குண்டாகப் பிரித்து, நடுவில் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவது, கண்ணைத் தொலைவில் எங்காவது ஓய்வாக விடுவது எல்லாம் அதற்காகத்தான்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் பாரிஸில் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் பத்துப் பத்துக் குண்டாகச் சுட்ட ஆறு பத்துகளைப் பாருங்கள்: 105.8, 106.1, 104.4, 105.3, 105.3, 103.8. மொத்தம் 630.7, பத்தாம் இடம். இறுதிச்சுற்றுக்குப் போவது எட்டுப் பேர். ஆறிலும் குறைவானது கடைசிப் பத்து. களைப்பா, பதற்றமா, வெறும் அதிர்ஷ்டமா என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் கடைசிப் பத்து எவ்வளவு விலை உயர்ந்தது என்பது தெரிகிறது.

எனவே பயிற்சியில் குண்டைவிட நேரம்தான் அதிகம் செலவாகிறது. குண்டில்லாமல் விசையை அழுத்திப் பழகுவது, சுடாமலே துப்பாக்கியைப் பிடித்து நிற்பது, முதுகுக்கும் வயிற்றுக்குமான பயிற்சிகள், இதயம் நிதானமாக அடிக்கப் பழக நீச்சலோ மெதுவோட்டமோ. அபினவ் பிந்த்ரா பெய்ஜிங் தங்கத்துக்கு முன் ஜெர்மனியில் நாற்பது அடிக் கம்பம் ஒன்றில் ஏறிப் பழகினார். அது தசைக்கானதல்ல, பயத்தோடு நிற்பதற்கானது.

பாரிஸில் மனு பாக்கருக்கு ஒருநாள் தெம்பு போதவில்லை, ஒரு வாரத்துக்கு வேண்டியிருந்தது. ஜூலை 27 ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று, மறுநாள் இறுதி. அதில் 22 குண்டு முடிந்தபோது தென்கொரியாவின் கிம் யேஜியைவிட 0.1 பின்தங்கி வெண்கலம் பெற்றார். ஏர் பிஸ்டல் இலக்கில் 0.1 என்பது 0.8 மில்லிமீட்டர். 30ஆம் தேதி சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். பிறகு 25 மீட்டர் பிஸ்டல், தகுதிச் சுற்றில் மட்டும் 60 குண்டு. ஆகஸ்ட் 3 அன்று அதன் இறுதியில் ஹங்கேரியின் வெரோனிகா மேஜரோடு சமனாகி, ஷூட் ஆஃபில் தோற்று நான்காம் இடத்தோடு வெளியேறினார்.