பாற்கடல் என்னும் தொடர்வண்டி நிலையம்

கோவா மாநிலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்ந்த காட்டிற்குள் ஒரு சிறிய தொடர்வண்டி நிலையம் உள்ளது. அதன் பெயர் தூத்சாகர். ‘தூத்’ என்பது பால். ‘சாகர்’ என்பது கடல். தமிழில் கூறினால் ‘பாற்கடல்’. நிலையத்திற்கு அருகே மாண்டவி ஆறு 310 மீட்டர் உயரத்திலிருந்து நான்கு அடுக்குகளாக விழுகிறது. மழைக்காலத்தில் பாறை முழுவதும் வெண்ணுரை பொங்குவதால் அருவி இப்பெயர் பெற்றது. அருவியின் பெயரே நிலையத்திற்கும் ஆயிற்று.

நிலையத்தைச் சுற்றி ஊர் இல்லை, கடைத்தெரு இல்லை, சாலையும் இல்லை. அவ்வாறாயின், இங்கு நிலையம் எதற்கு? விடை மலைச்சரிவில் உள்ளது. கர்நாடகத்தின் கேசில் ராக் நிலையத்திற்கும் கோவாவின் குலேம் நிலையத்திற்கும் இடையே இருப்புப்பாதை 37 மீட்டருக்கு 1 மீட்டர் என்னும் அளவில் சரிகிறது. தொடர்வண்டிக்கு இது மிகச் செங்குத்தான சரிவாகும். இறங்கும் வண்டியில் தடைக்கட்டைகள் உராய்ந்து சூடேறும். ஆதலால் வழியிலுள்ள நிலையங்களில் வண்டியை நிறுத்திச் சோதிக்கின்றனர். கட்டுப்பாட்டை இழந்த வண்டியைத் திருப்பிவிட, மேல்நோக்கிச் செல்லும் குறும்பாதைகளும் உண்டு. அவற்றில் ஏறும் வண்டி தானே வேகம் குறைந்து நிற்கும். மலையேறும் வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுவதற்குக் கூடுதல் எஞ்சின்கள் இணைக்கப்படுகின்றன.

இப்பாதை 1880களில் அமைக்கப்பட்டது. அக்காலத்தில் கோவா போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. மர்மகோவா துறைமுகத்தை உள்நாட்டுடன் இணைப்பதே பாதையின் நோக்கம்.

பாதையைச் சூழ்ந்த காடு பகவான் மகாவீர் வனவிலங்குச் சரணாலயமும் மொல்லெம் தேசியப் பூங்காவும் ஆகும். பழந்தமிழ் நூல்கள் ‘ஆமா’ எனக் குறிப்பிடும் காட்டுமாடு இங்கு வாழ்கிறது. அதுவே கோவாவின் மாநில விலங்கு. தண்டவாளத்தைக் கடக்கையில் காட்டுமாடுகள் வண்டியில் அடிபட்டு இறப்பதுண்டு. அருவியைக் காணும் ஆவலில் தண்டவாளத்தின்மீது நடக்கும் மனிதர்க்கும் அதே இடர் உண்டு. ஆகவே அவ்வாறு நடப்பதற்குத் தடை உள்ளது.

துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, கர்நாடகத்தின் எஃகு ஆலைகளுக்கு இவ்வழியே செல்கிறது. போக்குவரத்தைப் பெருக்க, இரண்டாவது பாதை ஒன்று திட்டமிடப்பட்டது. அதற்காகப் பெருமளவு மரங்களை வெட்ட வேண்டும் என்பதால் கோவா மக்கள் பலர் எதிர்த்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு வழங்கிய ஒப்புதலை நீதிமன்றம் 2022 மே மாதத்தில் நீக்கியது. காட்டிற்கு நேரும் விளைவுகளை முழுமையாக ஆராய்ந்த பின்னரே இத்தகைய பணிக்கு ஒப்புதல் தரலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.