குற்ற நீதிக் கல்வியும் உத்தியோகமும்

வடமதுரையைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் சென்ற வாரம் நமது காரியாலயத்திற்கு வந்து ஒரு விளம்பரத் தாளை நீட்டினார். குற்ற நீதியில் ஓராண்டு டிப்ளோமா. முடித்ததும் போலீஸ் உத்தியோகம் நிச்சயம் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. அவர் சரித்திரத்தில் பட்டம் பெற்றவர். தாயார் நூற்பாலைத் தொழிலாளி. அந்தக் கூலியிலிருந்துதான் கட்டணம் செலுத்தவேண்டும். "சேரலாமா, ஐயா?" என்றார்.

வேண்டாமென்றோம். இக்கேள்வி நேயர் பலரின் வீடுகளிலும் எழக்கூடியதாதலால் காரணத்தைக் கூறுகின்றோம்.

நமது ராஜ்யத்தில் கான்ஸ்டபிள் பதவிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், ஸப் இன்ஸ்பெக்டர் பதவிக்கு ஏதேனுமொரு பட்டமும் போதும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சையும் தேகப் பரிசோதனையும் நடத்தியே ஆட்களைப் பொறுக்குகின்றது. டிப்ளோமாவினால் உத்தியோகம் நிச்சயமென்பது வெறும் வியாபாரம்.

அங்ஙனமாயின் குற்றவியல் வீண் வித்தையோ எனில், அன்று. சென்னைச் சர்வகலாசாலையும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலையும் அதற்குத் தனித்துறை அமைத்துள்ளன. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டமோ, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய விஞ்ஞானிகள் சம்பவ ஸ்தலத்திற்குச் செல்லவேண்டுமென விதித்து, அதனை நடைமுறைக்குக் கொணர ராஜ்யங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசமளித்துள்ளது. ஆனால் அவ்வேலைக்கு ரசாயனமும் பௌதிகமும் உயிரியலும் கற்றவரே வேண்டும். நமது வாலிபருக்கு அவ்வழி இல்லை.

அவர் போன்றோர் கருதவேண்டியது நன்னடத்தை அதிகாரியின் பணி என்பது நமது அபிப்பிராயம். 1936-லேயே சென்னை மாகாணம் இதற்குச் சட்டம் செய்தது. தேச முழுமைக்குமான சட்டம் 1958-ல் வந்தது. ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றம் செய்த, 21 வயது நிரம்பாத ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாமா என்று தீர்மானிக்குமுன், அவ்வதிகாரியின் அறிக்கையைக் கோர்ட்டு வரவழைக்கவேண்டும். அவர் பையனின் குடும்பத்தையும் சூழ்நிலையையும் விசாரித்து எழுதும் இரண்டு பக்கம், அவன் வீடு திரும்புவதா ஜெயிலில் தேர்ந்த திருடரிடம் பாடம் கேட்பதா என்பதை நிர்ணயிக்கக்கூடும். வக்கீல்களாகிய நாமே அவ்வறிக்கையைக் கேட்க மறந்த நாட்கள் உண்டு, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். குற்றவியலோ சமூகப் பணியோ முறையாகப் பயின்றவருக்கு இதைவிடத் தகுந்த இடம் யாது?

2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறக்குறைய நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். முதன்முறை குற்றஞ் சாட்டப்பட்டவர், மரணமோ ஆயுளோ அல்லாத வழக்கில், உச்ச தண்டனையின் மூன்றிலொரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் ஜாமீனில் விடப்படவேண்டுமென்பது இன்றைய சட்டம். அந்த நாட்களை எண்ணி மனுப்போட ஆள் வேண்டாமா?

போலீஸ் வேலையே வேண்டுமென்போர் 2020 ஜூனை நினைக்கட்டும். சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் மாண்டபின், அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் தாம் கண்டதைச் சொன்னார். அவரும் அதே உடுப்பை அணிந்தவரே.

நமது வாலிபருக்கு மூன்றாண்டுச் சட்டப் படிப்பைச் சொன்னோம். முடித்துக் கிரிமினல் கோர்ட்டுகளில் ஐந்தாண்டு தொழில் நடத்தினால் உதவி அரசு வக்கீல் பரீட்சை எழுதலாம். அதுவரை தாலூகாச் சட்டப்பணிக் குழுவில் தொண்டராகச் சேரலாம். சம்பளமில்லை, சொற்ப மதிப்பூதியமே. மதிப்பூதியம் எவ்வளவென்று கேட்டார். தாயாரிடம் சொல்லவேண்டுமாம்.