மழை பொது, மேடு பொதுவா?

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் இரவு புதுச்சேரி அருகே கரை கடந்துவிட்டது. புயல் போய்விட்டது, இனி பயமில்லை என்றுதான் திருவண்ணாமலையில் பலர் நினைத்தார்கள். ஆனால் மழை நிற்கவில்லை. அன்று மாலை அண்ணாமலையார் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து, பெரும்பாறை ஒன்று வீடுகள் மேல் உருண்டு விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஐந்து பேரில் மூன்று பேர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்.

பெரிய மழை பெய்யும்போது நம் தெருக்களில் பிள்ளைகளை எல்லாம் ஒரே வீட்டில் உட்கார வைப்பது வழக்கம். எந்த வீட்டுச் சுவர் கெட்டியோ, எந்தக் கூரை ஒழுகவில்லையோ, அங்கே எல்லோரும் கூடுவார்கள். யார் பிள்ளை என்று பார்ப்பதில்லை. ஒரு பானையில் சோறு வெந்தால் அந்தத் தெருவுக்கே சோறு. அடுத்த வீட்டை நம்புவதைத் தவிர ஏழைகளுக்கு வேறு காப்பு இருந்ததில்லை.

மலையடிவாரத்தில் மக்கள் ஆசைப்பட்டா குடியேறினார்கள்? கிரிவலமும் தீபமும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்களை இந்த ஊருக்கு அழைத்து வருகின்றன. நகருக்குள் மனை விலையும் வாடகையும் கூலி வேலை செய்பவர்களின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. எங்கே இடம் மலிவோ, எங்கே யாரும் கேட்க மாட்டார்களோ, அங்கேதான் அவர்களால் சுவர் எழுப்ப முடியும். நகரத்தில் அது மலைச்சரிவு. கிராமத்தில் அது ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, ஆற்றோரம்.

அதிகாலையில் வந்த ஆறு

அதே இரவில் தென்பெண்ணை பெருகியது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் முழுவதும் சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. நம் மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் இடையே கட்டித் திறந்து சில மாதமே ஆன பாலத்தையும் ஆறு கொண்டுபோனது.

முன்கூட்டியே ஐந்து முறை எச்சரிக்கை விடுத்ததாக அரசுத் தரப்பில் சொன்னார்கள். எச்சரிக்கை கைப்பேசிக்கு வரும். சார்ஜ் போன கைப்பேசி, மின்சாரம் நின்றுபோன தெரு, நாள் முழுக்க வேலை செய்துவிட்டு அயர்ந்து தூங்கும் வீடு ஆகியவற்றுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? "அக்கா, தண்ணி வந்துடுச்சி, புள்ளைங்கள எழுப்பு!" என்று கதவைத் தட்டுகிற குரல்தான் காலனிகளில் எப்போதும் முதல் எச்சரிக்கை. முதலில் கண் விழிப்பவர்தான் அன்றைக்குப் பேரிடர் மீட்புப் படை.

அதற்குப் பிறகு நடப்பதும் நமக்குத் தெரிந்ததுதான். கிழவிகளை இளைஞர்கள் முதுகில் தூக்குவார்கள். ஆட்டுக்குட்டிகள் கட்டிலின் மேல் ஏறும். காற்றடித்த லாரி ட்யூப்பும் வாழைத்தண்டுக் கட்டும் படகாகும். ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஒரு பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு யாருடைய தலையிலாவது ஏறும். கடைசியில் எல்லோரும் நிற்கிற கேள்வி ஒன்றுதான்: எந்த மேட்டுக்குப் போவது?

மேடு யாருடையது?

நம் கிராமங்களின் வரைபடத்தைப் பாருங்கள். ஊர் மேட்டில் இருக்கும். காலனி பெரும்பாலும் பள்ளத்தில், வயலை ஒட்டி, ஏரியின் வடிகால் பக்கம் இருக்கும். இது இயற்கையாக அமைந்ததல்ல. யார் எங்கே குடியிருக்கலாம் என்று சாதி போட்ட கோடு அது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் வாழ்ந்ததை அரசுக்கு எடுத்துச் சொன்னது. பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை அதன் பிறகுதான் வந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனது வேறு கதை. பள்ளத்தில் இருந்த குடிசைகள் பள்ளத்திலேயே இருந்துவிட்டன என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

வெள்ளம் வந்தால் ஊரில் தங்குவதற்கு உள்ளவை பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், திருமண மண்டபம், கோயில் மண்டபம். இவற்றில் பல ஊர்த்தெருவில்தான் உள்ளன. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று. பல தலைமுறைகளாக மறுக்கப்பட்ட உரிமை அது. மாவட்ட நிர்வாகம் முன்னின்று, போலீஸ் பாதுகாப்போடுதான் அது நடந்தது. சாமி கும்பிடவே போலீஸ் துணை தேவைப்படும் மாவட்டத்தில், நள்ளிரவில் நனைந்த துணியோடு, கைக்குழந்தையோடு, ஊர் மண்டபத்துப் படியேற ஒரு தாய்க்குத் தைரியம் வருமா? கதவு பூட்டியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. திறக்குமா என்ற தயக்கமே ஒருவரைத் தண்ணீரில் நிற்க வைத்துவிடும்.

எல்லா ஊரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்தால் ஊர்த்தெரு இளைஞர்களும் காலனி இளைஞர்களும் ஒரே கயிற்றைப் பிடிக்கிற ஊர்கள் இருக்கின்றன. பசித்தவர் யார் என்று கேட்காமல் அண்டாவை ஏற்றும் கைகள் உண்டு. ஆனால் தண்ணீர் வடிந்த மறுநாள் அந்தக் கயிறு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. மனிதர்களின் நல்ல மனசை மட்டும் நம்பி ஒரு தெருவின் உயிரை விட்டுவிட முடியாது. அதற்குத்தான் சட்டம்.

சட்டம் சொல்வது

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நாகப்பட்டினம் கடற்கரையில் தலித் மக்களும் இருளர்களும் முகாம்களிலும் நிவாரணத்திலும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடலூரில் இருந்தும் இதே குரல் எழுந்தது. சுனாமிக்கு மறு ஆண்டு நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61-ஆவது பிரிவை நம் மாணவர்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதே அந்தப் பிரிவு.

அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நிவாரணத்துக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொல்கிறது. தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம், உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்கும் உதவி, வாழ்வாதாரத்தை மீட்க உதவி என அது வரிசையாகச் சொல்கிறது. ஆகவே நிவாரணப் பொட்டலம் யாரோ போடும் தர்மம் இல்லை. வரிசையில் நின்று வாங்கும்போது தலை குனிய வேண்டியதும் இல்லை.

குடிநீர்க் குழாய், பொது வழி, பொது இடம் ஆகியவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 1927-இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தது, தண்ணீர் எல்லோருக்கும் உரியது என்று காட்டத்தான். வெள்ளத்தால் கிணறு கெட்டுப்போன ஊருக்கு வரும் குடிநீர் லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதும் அதே கேள்விதான்.

கணக்கில் வராத கூலி

ஃபெஞ்சலுக்குப் பிறகு டிசம்பர் 3 அன்று தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு ரூ.5 லட்சம். சேதமடைந்த குடிசைக்கு ரூ.10,000. நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000. மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வெள்ளத்தில் வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களுக்கு ரூ.2,000.

இந்த வரிசையை ஒரு காலனி வீட்டில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். நெல் மூழ்கினால் சிட்டா, அடங்கல் வைத்திருப்பவருக்கு உதவி வரும். அது நியாயம்; விவசாயி நொந்துபோனவர்தான். ஆனால் அதே வயலில் களை எடுத்து, அறுத்து, கட்டுத் தூக்கிப் பிழைப்பவருக்கு எந்தச் சிட்டாவும் இல்லை. வயல் காயும்வரை அவருக்கு வேலை இல்லை. வாரத்துக்கு நிலம் பிடித்தவர் கடன் வாங்கி நட்டிருப்பார். ஆனால் பெயர் நிலக்காரர் பெயராக இருக்கும். குடிசை இடிந்தால் உதவி உண்டு. ஆனால் பட்டா இல்லாத புறம்போக்கில் இருப்பவர் சேதப் பட்டியலில் பெயர் சேர்க்க அலைய வேண்டியிருக்கும். வாழ்வாதாரத்தை மீட்க உதவி என்று சட்டம் சொன்னதில் கூலிக்காரரின் வாழ்வாதாரமும் சேரும் என்று கேட்பது நம் வேலை.

வெள்ளம் வடிந்த பிறகு வருபவர்கள்

நிலச்சரிவு நடந்த பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 13 அன்று, மலை மேல் மகா தீபம் ஏற்றப்பட்டது. அந்த ஆண்டு பக்தர்கள் மலை ஏற அனுமதிக்கப்படவில்லை. ஆனால் கீழே லட்சக்கணக்கானோர் கூடினார்கள். சேறும் குப்பையுமாகக் கிடந்த தெருக்கள் தாமாகச் சுத்தமாகிவிடவில்லை. மண்ணை வாரி, சாக்கடை அடைப்பை எடுத்து, செத்த கால்நடைகளை அகற்றியவர்கள் தூய்மைப் பணியாளர்கள். 2015-இல் சென்னை மூழ்கியபோதும் பல மாவட்டங்களில் இருந்து லாரி லாரியாக அழைத்துப் போகப்பட்டவர்கள் அவர்கள்தான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். தன் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதே ஊரார் வீட்டு வாசலைச் சுத்தம் செய்யப் போனவர்கள் உண்டு.

வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் பரவும். காலில் சிறு கீறல் இருந்தாலே போதும். ஆகவே முழங்கால் வரை பூட்ஸும் கையுறையும் தூய்மைப் பணியாளருக்குச் சலுகை அல்ல, உயிர்க் காப்பு. அவர்களுக்குச் சால்வை போர்த்தி நன்றி சொல்வதைவிட, பூட்ஸ் கொடுத்து, கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி கொடுப்பதே நன்றி.

அடுத்த மழைக்கு முன்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஆகஸ்ட் 15-இலும் அக்டோபர் 2-இலும் கிராம சபை கூடும். அங்கே நம் தெருவின் சார்பில் நான்கு தீர்மானங்கள் கேட்போம்.

முதலாவது: வெள்ளம் வந்தால் காலனி மக்கள் எந்தக் கட்டடத்தில் தங்குவது, அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதை இப்போதே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது: எச்சரிக்கையைத் தெருவுக்கு வந்து ஒலிபெருக்கியில், தண்டோராவில் சொல்ல வேண்டும். மூன்றாவது: சேதக் கணக்கெடுப்புப் பட்டியலைக் காலனியிலும் ஒட்ட வேண்டும், விடுபட்ட பெயரைச் சேர்க்க நாள் கொடுக்க வேண்டும். நான்காவது: பள்ளத்தில், ஓடையில் குடியிருப்போருக்கு மேட்டில் மனைப் பட்டா வேண்டும். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் மட்டும் வந்தால் போதாது.

படித்த பிள்ளைகளுக்குத் தனி வேலை இருக்கிறது. தெருவில் உள்ள முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் பட்டியலை ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லோருடைய ஆவணங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வீடு இடிந்தால் சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070. பாகுபாடு நடந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் மனு கொடுங்கள். 61-ஆவது பிரிவைக் குறிப்பிடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒருவரை ஒருவர் தாங்குவதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அணைத்துக்கொள்கிற வீடுகள் நம் வீடுகள். அந்த வீடுகள் பாறைக்குக் கீழேயும் ஆற்றுக்குப் பள்ளத்திலும் இனி இருக்கக் கூடாது. மேட்டில் நமக்கும் ஒரு பங்கு வேண்டும். அதை மழை வரும் முன் கேட்போம்.