இடம்பெயரும் வழியில் உடல்நலமும் உயிர்ப் பாதுகாப்பும்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை வலிகாமத்து மக்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் இலட்சக்கணக்கானோர் நெருக்குண்டு நடந்தார்கள். சைக்கிளில் அரிசி மூட்டை, மாட்டு வண்டிலில் வயோதிபர், இடுப்பில் குழந்தை. சில மைல் தூரம் கடக்க ஓர் இரவு முழுவதும் சென்றது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மழைநீரை ஏந்திக் குடித்தவர்கள் பலர். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபரில், வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டு, கையில் எடுத்த சொற்பப் பொருட்களுடன் புத்தளம் வரை அலைந்தார்கள். 2008இலும் 2009இலும் மன்னார்க் கரையிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை வன்னி மக்கள் பத்துத் தடவை, பதினைந்து தடவை என்று இடம்பெயர்ந்தார்கள்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனாலும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் இன்னும் உள்ளன. திரும்பியவர்களின் காணிகளிலும் மிதிவெடிப் பயம் முற்றாக நீங்கவில்லை. வெள்ளம் வந்தாலும் மறுபடி மூட்டை கட்டத்தான் வேண்டியுள்ளது. நாம் வழியில் பட்டுக் கற்றவற்றை எழுதிவைக்காவிட்டால் எமது பிள்ளைகள் அவற்றை மீண்டும் பட்டுத்தான் கற்க வேண்டிவரும். ஆகவே சில முக்கியமான விடயங்களை இங்கே விளக்க விரும்புகிறோம்.

புறப்படுமுன்

எறிகணைச் சத்தம் கேட்ட பின்னர் எதை எடுப்பது என்று யோசித்தால் தேவையற்றதே கைக்கு வரும். ஆகவே ஒரு பையை எப்போதும் ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி அல்லது பெர்மிற், கூப்பன், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, கர்ப்பிணியின் கிளினிக் அட்டை ஆகியவற்றை இரட்டைப் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி அதனுள் வையுங்கள். காணி உறுதியை இழந்ததால் தமது சொந்த வயலைத் தமது என்று காட்டப் பல ஆண்டுகள் கந்தோர் கந்தோராக அலைந்த விவசாயிகள் எத்தனை பேர்!

நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களின் மருந்து குறைந்தது ஒரு வாரத்துக்குக் கையில் இருக்கட்டும். மருந்துச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். மருந்து முடிந்தாலும் சீட்டைப் பார்த்து அடுத்த ஆஸ்பத்திரியில் தருவார்கள். இவற்றோடு சவர்க்காரம், ஜீவனிப் பக்கற்றுகள், சுத்தமான பழஞ்சேலைத் துண்டுகள், தீப்பெட்டி, ஒரு மூடியுள்ள தண்ணீர்ப் பாத்திரம், இயன்றால் ஒரு நுளம்பு வலை.

சிறு பிள்ளையின் பெயர், தாய் தந்தையர் பெயர், ஊர் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிச் சட்டையின் உட்புறத்தில் தைத்துவிடுங்கள். நெருக்கத்தில் கை விட்டால் எங்கே சந்திப்பது என்பதையும் புறப்படும்போதே குடும்பத்தார் பேசிக்கொள்ள வேண்டும். அடுத்த ஊர்ப் பாடசாலை, கோயில், பள்ளிவாசல் என்று எல்லோருக்கும் தெரிந்த ஓரிடம் போதும்.

வழியில் எறிகணை விழத் தொடங்கினால் ஓடுவதிலும் பார்க்கப் படுப்பதே மேல். சிதறும் துண்டுகள் பெரும்பாலும் மேலெழுந்தே பறக்கும். வாய்க்காலோ வரம்போ பள்ளமோ அருகில் இருந்தால் அதில் முகங்குப்புறப் படுங்கள். ஆயுதம் தாங்கியோரின் வாகனத்தோடும் காவலரணோடும் ஒட்டித் தங்காதீர்கள்.

தண்ணீர்

இடம்பெயர்ந்த மக்கள் வந்து கூடும் இடத்தில் முதலில் கெடுவது கிணறு. பலருடைய வாளிகள் இறங்குகின்றன; அருகிலேயே குளிக்கிறார்கள்; மலசலகூடம் இல்லாமல் பற்றைகளை நாடுகிறார்கள்; மழை வந்தால் எல்லாம் கிணற்றுக்குள் வருகின்றது. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி என்பன இவ்வழியாகவே பரவுகின்றன.

ஆகவே போய்ச் சேர்ந்த அன்றே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, கிணற்றுக்கு ஒரே வாளி, ஒரே கயிறு என்று கட்டுப்பாடு வையுங்கள். இரண்டு, கிணற்றிலிருந்து 30 மீற்றருக்குக் குறையாத தூரத்தில், தண்ணீர் ஓடிவரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, மலசலகூடக் குழி வெட்டுங்கள். 20 பேருக்கு ஒன்று என்பது முகாம்களுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. மூன்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துக் கிணற்றுக்குக் குளோரின் இடச் செய்யுங்கள்.

குடிநீரைக் கொதிக்க வைப்பதே நிச்சயமான வழி. குமிழியிட்டு ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்தால் நோய்க் கிருமிகள் சாகும். ஆறியபின் கையை விடாமல் மூடி வைத்துக் குடிக்க வேண்டும். கலங்கிய நீரானால், எமது பாட்டிமார் செய்தது போலத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துத் தெளிய விடலாம். ஆனால் தெளிந்த நீர் வேறு, சுத்தமான நீர் வேறு. தேற்றாங்கொட்டை மண்டியைப் படிய வைக்கும். கிருமி முழுவதையும் போக்காது. தெளிந்த பின்னும் கொதிக்க வைக்க வேண்டும்.

விறகு இல்லாத இடத்தில் வெயில் உதவும். நிறமற்ற, தெளிந்த பிளாஸ்ரிக் போத்தலில் (இரண்டு லீற்றருக்கு மேற்படாத அளவில்) தெளிந்த நீரை நிரப்பி மூடி, நல்ல வெயிலில் 6 மணித்தியாலம் கிடையாக வைத்தால் போதும். வானம் மூடியிருந்தால் இரண்டு நாட்கள் வைக்க வேண்டும். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்களும் வெப்பமும் கிருமிகளைக் கொல்கின்றன. கலங்கல் நீரில் இந்த ஒளி உட்செல்லாது. ஆகையால் முதலில் தெளிய வைத்து, துணியில் வடிகட்டியே நிரப்ப வேண்டும்.

வயிற்றோட்டமும் தண்ணீரும்

2008இல் கிழக்கு நோக்கி வந்த குடும்பமொன்று பாடசாலை வளவில் தறப்பாளின் கீழ்த் தங்கியிருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிற்றோட்டம். "தண்ணி குடுத்தால் இன்னும் போகும், குடுக்காதை பிள்ளை" என்று பாட்டி மகளைத் தடுத்தார். அன்பினாலே சொன்னார். அவ்விடத்தில் நின்ற நானும் அதை மறுக்கவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. இரண்டாம் நாள் குழந்தையின் கண்கள் குழிவிழுந்தன. அழுதாலும் கண்ணீர் வரவில்லை. வாகனம் கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் குழந்தை இறந்துவிட்டது. அந்தத் தாயின் முகத்தை நினைத்தே இப்பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

வயிற்றோட்டத்தில் குழந்தை சாவது பெரும்பாலும் நீரும் உப்பும் உடலை விட்டுப் போவதனாலேயே. போனதைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் தப்பும். வெறும் நீரை நோயுற்ற குடல் நன்றாக உறிஞ்சாது. ஆனால் உப்பும் சீனியும் அளவாகச் சேர்ந்தால், சீனி உப்பை இழுத்துச் செல்ல, உப்பின் பின்னே நீரும் உடலுக்குள் போகின்றது. ஜீவனியின் தத்துவம் இதுதான்.

இது பெரிய அளவில் நிரூபிக்கப்பட்டதும் ஓர் அகதி முகாமிலேயே. 1971இல் வங்காளதேசப் போரிலிருந்து தப்பி மேற்கு வங்காளத்துக்கு வந்த மக்களிடையே வாந்திபேதி பரவியது. பொங்காவோன் முகாமில் நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலிப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெரிய கலன்களில் நிரப்பி, உறவினரே நோயாளிக்குப் பருக்கும்படி செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. கைகளால் பருக்கியவர்கள் மருத்துவர்களல்லர். உங்களைப் போன்ற தாய்மாரும் தந்தைமாருமே.

ஜீவனிப் பக்கற்றில் எழுதிய அளவு நீரில் முழுப் பக்கற்றையும் கரையுங்கள். பாதியாகப் பிரிக்காதீர்கள். பக்கற் இல்லையேல், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். உப்புக் கூடினால் ஆபத்து. கண்ணீரை விட உவர்ப்பாக இருக்கக் கூடாது. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரையும், அதற்கு மூத்த பிள்ளைக்கு 100 முதல் 200 வரையும், கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கஞ்சியும் மற்றைய வழமையான உணவும் கொடுக்கலாம். 2004 முதல் உலக சுகாதார நிறுவனம் இதனுடன் 10 முதல் 14 நாட்களுக்கு நாக மாத்திரையும் கொடுக்கச் சொல்கிறது. அதைக் கிளினிக்கில் கேளுங்கள்.

மலத்தில் இரத்தம், கண் குழிவிழுதல், சிறுநீர் போகாமை, சோர்ந்து உறங்கிக் கிடத்தல், எதையும் குடிக்க முடியாமை என்பன கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வழியிலும் பருக்கிக்கொண்டே போங்கள்.

காய்ச்சலும் பாம்பும்

தொண்ணூறுகளில் வன்னிக்கு வந்தவர்களை மலேரியா வாட்டியது. பலர் விடாமுயற்சியுடன் உழைத்ததன் பயனாக 2012இல் இங்கு அதன் உள்ளூர்ப் பரவல் நின்றது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இன்று எம்மை அச்சுறுத்துவது டெங்கு. அதன் நுளம்பு பகலில் கடிக்கும். சிரட்டை, ரயர், தறப்பாள் மடிப்பு என்பவற்றில் தேங்கும் நீரில் பெருகும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மாத்திரமே கொடுங்கள். அஸ்பிரின் போன்றவை இரத்தப்போக்கைக் கூட்டும். இரண்டு நாட்களில் விடாத காய்ச்சலுக்கு இரத்தம் சோதிக்க வேண்டும். வயலில் இறங்குபவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "நான் வயல் வேலை செய்பவன்" என்று வைத்தியரிடம் சொல்ல மறவாதீர்கள்.

வெறுந்தரையில் படுப்பவர்களை இரவில் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு. பெரும்பாலும் நோவோ வீக்கமோ இராது. விடியற்காலையில் வயிற்று நோவும் கண் இமை சோர்தலும் கண்டால் சந்தேகிக்க வேண்டும். நுளம்பு வலையின் ஓரங்களைப் பாயின் கீழ்ச் செருகிப் படுத்தால் நுளம்புக்கும் பாம்புக்கும் காப்பு. கடித்த இடத்தை வெட்டவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ கூடாது. ஆளை நடக்க விடாமல் அசைவின்றிக் கொண்டுசெல்லுங்கள். விஷமுறிவு மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

மிதிவெடி

2002 யுத்த நிறுத்தத்தின் பின் தொடங்கிய கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. முகமாலை போன்ற இடங்களில் ஏராளமாகப் புதைக்கப்பட்டிருந்தன. மிதிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. முற்றாக அகற்றுவதற்குரிய தவணை 2028 யூன்.

ஆள் நடமாட்டமற்ற ஒழுங்கை, பழைய மண் அணை, முட்கம்பி, காவலரண், யாரும் பறிக்காத பழ மரம், கால்நடை எலும்பு ஆகியவை எச்சரிக்கைகள். மண்டையோட்டுச் சிவப்புப் பலகையைத் தாண்டி விறகுக்கோ மாட்டைத் தேடியோ போகாதீர்கள். பலகை இல்லாததால் பயமில்லை என்றும் எண்ண வேண்டாம். வெள்ளம் வெடியை இடம் மாற்றும். வெடி அகற்றப்பட்டதென்று உறுதி செய்யப்படாத காணியில் உழவு இயந்திரம் விடவோ குப்பை கொளுத்தவோ கூடாது. பழைய இரும்பு சேர்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

தவறி உள்ளே போய்விட்டதாக உணர்ந்தால் உடனே நில்லுங்கள். மற்றவர்களையும் நிற்கச் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்த காலடித் தடம் தெளிவாகத் தெரிந்தால் அதன் மேலேயே கால் வைத்துத் திரும்புங்கள். தெரியாவிட்டால் அசையாமல் உதவி வரும்வரை நில்லுங்கள். ஒருவர் வெடியில் சிக்கினால் அவரிடம் ஓடாதீர்கள். இப்படி ஓடிய இரண்டாமவரும் சிக்கிய சம்பவங்கள் உண்டு. அவரை வெளியே கொண்டுவந்ததும் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் விடாமல் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள்.

இறுதியாக

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஒரு பொலித்தீன் பை, சீனி, உப்பு, ஒரு போத்தல், சில நல்ல பழக்கங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இக்கட்டுரையை ஒருவர் உரத்து வாசியுங்கள். வயது போனவர்கள் தாம் கண்டதைக் கூட்டிச் சொல்லட்டும். பின்னர் ஒவ்வொரு வீட்டிலும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையொன்று ஒரு லீற்றர் நீரில் உப்பும் சீனியும் அளந்து கரைத்துக் காட்டட்டும். பெரியவர் இல்லாத நேரத்தில் தம்பி தங்கையின் உயிரைக் காக்க அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்.